மூன்றாவது அடி

பன்னிரண்டு வருஷம் பாலிஷ்காரன் அடித்தான், அவன் பெண்டாட்டி வாங்கிக்கொண்டாள். கையால் அடித்தான், பெல்ட்டால் அடித்தான், ஒருமுறை ஸ்டூலைத் தூக்கி எறிந்ததில் அவளுடைய இடது புருவம் பிளந்து ஐந்து தையல் போட்டார்கள். குழம்பில் உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. உப்பு சரியாக இருந்த நாளில், என்னை என்ன முறைக்கிறாய் என்று அடி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அவனைக் கொண்டுவந்து அந்த வீட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உட்காரவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒருநாள் அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். முதல் பத்து நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினானாம். மூன்று மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஒரு சொட்டு தொடவில்லை. அதை யாரும் சத்தியம் செய்து அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் சாயங்காலம் அவன் வாசற்படியில் கால் வைத்ததும் தலைமயிரைப் பிடித்து இழுத்து, வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். சாராயம் எது, பட்டறை ஸ்பிரிட் எது, வெறும் வயிற்று வாடை எது என்று பிரித்துச் சொல்லுகிற மூக்கு அவளுக்கு. பன்னிரண்டு வருஷத்தில் அவன் கொடுத்த ஒரே சொத்து அதுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே மரப்பட்டறையில் வேலை. கட்டில், பீரோ, மேஜை செய்கிற இடம். தச்சர்கள் செய்து முடித்த சாமானை அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். முதலில் சொரசொரப்புத் தாள், அப்புறம் நைஸ் தாள், மரத்தின் வரி போகிற போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே போனால் கீறல் விழுந்துவிடும். தேய்த்துத் தேய்த்து அவள் விரல் ரேகையே போய்விட்டது. பட்டறை வாசலில் முதலாளி வைத்த கைரேகை மெஷின் அவளை மட்டும் வேலைக்கு வராதவள் என்றே காட்டும். அவள் தேய்த்துக் கொடுத்ததற்கு அவன் பாலிஷ் போடுவான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் உருட்டிப் பொதிந்து, தொட்டுத் தொட்டு இழுக்கிற வேலை. குடித்திருந்தாலும் அவன் கை ஓட்டம் பிசகாது என்று முதலாளியே சொல்லுவார்.

திரும்பி வந்தவனை ஸ்பிரிட் பக்கமே விடக்கூடாது என்று மறுவாழ்வு இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் முதலாளி வேறொரு ஆளைப் பாலிஷுக்கு வைத்துவிட்டு இவனை அவளோடு உப்புத்தாளுக்கு உட்காரவைத்தார். பாலிஷ்காரன் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

குடி போய்விட்டது, அவளுக்கு விடிந்துவிட்டது என்று தெருவே பேசியது. விடிந்த லட்சணம் அவளுக்கல்லவா தெரியும்! பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் இவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து நிற்பான். நெஞ்சுக்குள் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பான். குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் அரைமணி நேரம் குந்தியிருப்பான். உப்புத்தாளைப் பிடித்தபடியே, ஒரு காரணமும் இல்லாமல், கண்ணில் தண்ணீர் வழியும். அந்தத் தண்ணீர் சொட்டி மரத்தில் கறை விழும்; அதை இவள் மறுபடி தேய்க்க வேண்டும்.

"குடிய நிறுத்திட்டாரும்மா. இத்தன வருஷம் குடிச்சு அமுக்கி வெச்சிருந்த பயமும் துக்கமும் இப்பதான் மேல வருது" என்றாள் டாக்டரம்மா. "இதுவும் நோய்தான். சோம்பேறித்தனம்னு நெனைக்காதீங்க. காலைல ஒரு மாத்திர, ராத்திரி ஒரு மாத்திர. நீங்களா நிறுத்திடக் கூடாது, தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அமுக்கி வைத்தது அவனுக்கு மட்டும்தான் மேலே வருமா என்று டாக்டரம்மாவும் கேட்கவில்லை, இவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் கொடுத்த முதல் அறை ஒரு டம்ளர் தண்ணீருக்காக விழுந்தது. கை நடுங்கிப் பாயில் தண்ணீரைக் கொட்டிவிட்டான். "கையா அது, மரக்கட்டையா?" என்று கேட்டுக்கொண்டே கன்னத்தில் ஒன்று விட்டாள். விட்டபிறகுதான் செய்தது உறைத்தது. சட்டென்று தலையைத் தாழ்த்தி முதுகைக் காட்டி நின்றாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அடி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவன் ஒரு துணியை எடுத்துப் பாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கி வருஷக்கணக்காகியிருந்தது.

அதன்பிறகு கை நீட்டுவது வாடிக்கையாகிவிட்டது. கரண்டிக் காம்பு, செருப்பு, எது கையில் அகப்படுகிறதோ அது. 'நீங்க' போய் 'நீ' வந்தது. 'நீ' போய் 'டா' வந்தது. அவன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தான். சும்மா இருக்க இருக்க அவளுக்கு ஆத்திரம் கூடியது. அன்றைக்கு அத்தனை வீரம் காட்டினவன் இவன்தானா, இந்தப் புழுவுக்கா நான் பயந்து செத்தேன் என்று தோன்றும்.

எட்டாவது படிக்கிற மகள் ஒருநாள் குறுக்கே வந்தாள். "அம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க? அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லம்மா."

"உங்க டாக்டர வந்து என் புருவத்தப் பாக்கச் சொல்லு. அப்பறம் பேசுவோம்."

மாத்திரை விஷயத்தில் குட்டையைக் குழப்பியவன் ஒட்டடை. ரம்ப மெஷின் ஓட்டுகிறவன். ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடு என்று இருப்பதால் அந்தப் பெயர். பாலிஷ்காரனுக்குப் பழைய கூட்டாளி, குடியில் ஒரே டம்ளர்.

"தங்கச்சி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அந்த மாத்திரையும் போததான். பாட்டில் போயி அட்ட வந்திருக்கு, அவ்ளோதான். நாளைக்கு அது இல்லாம இருக்க மாட்டான், பாரு."

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் நம்மையும் கடிக்க வருகிறவன் பேச்சு இது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று மதியம் பாலிஷ்காரன் காலையில் போட்ட மாத்திரையின் அசதியில் வாயைத் திறந்தபடி, எச்சில் தலையணையில் வழிய, கட்டைபோல் கிடந்தான். பழைய நாட்களில் கிடந்த அதே கிடை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டை அட்டையாகப் பிதுக்கி அத்தனை மாத்திரையையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீரை ஊற்றினாள். கேட்டவனிடம், "தீந்துபோச்சு. ஆம்பளையா இருந்தா மாத்திர இல்லாம இரு" என்றாள். அவன் அதற்கும் சரி என்றான்.

எட்டு நாள் ஓடியது. அவன் தூக்கம் முழுசாகப் போயிற்று. பட்டறையில் ரம்பமும் இழைப்பு மெஷினும் ஓடத் தொடங்கினால் முகம் வெளுத்துவிடும். இரண்டுமுறை, இன்னும் பாலிஷ் போடாத பீரோ ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உள்ள சத்தம் கம்மியா இருக்கு. கொஞ்ச நேரத்துல அடங்கிடுது" என்றான். கண்ணாமூச்சி விளையாடுகிற வயசைப் பார் என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. ஒரு விடுதிக்குப் போகவேண்டிய பன்னிரண்டு பீரோக்களில் ஒன்றுக்கு மட்டும் உள்பக்கம் பாக்கி. புது பாலிஷ் ஆளுக்குக் காய்ச்சல். முதலாளி வந்து பாலிஷ்காரன் முன்னால் நின்றார்.

"ஒரே ஒரு கோட்டு. அரமணி நேர வேல. மூக்குல துணியக் கட்டிக்க. வண்டி மூணு மணிக்கு வந்துரும்யா."

"வேணாம் மொதலாளி. என்னால முடியாது."

அவன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அந்தப் பார்வை. அவள் தேய்த்துக்கொண்டிருந்த பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போய்ப் போடு. செத்தா போயிடுவ? ஒக்காந்து அழறதுக்கு அது மேல்."

போட்டான். எட்டு மாதத்துக்குப் பிறகும் கை ஓட்டம் மாறவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்றுமுறை கழுவினான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாளை எடுத்தான். அந்த நேரம் பார்த்து ஒட்டடை ரம்பத்தில் ஒரு முடிச்சு விழுந்த கட்டையை விட்டான். ரம்பம் கிறீச்சென்று அலறியது. பாலிஷ்காரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாய் திறந்து திறந்து மூடியது, காற்று உள்ளே போகவில்லை. எங்கே போகிறான் என்று அவள் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று இருந்துவிட்டாள்.

பாலிஷ் ஈரம் காயாத பீரோவுக்குள் மூஞ்சியை நீட்டக்கூடாது, நெடி தலைக்கேறி ஆளை மயக்கிவிடும், காய்கிறவரை கதவைத் திறந்து போட வேண்டும் என்பது பட்டறைக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். இருபது வருஷம் அந்தத் தொழில் செய்தவன் பயத்தில் அதை மறந்தான். தன் கையால் பாலிஷ் போட்ட பீரோவுக்குள்ளேயே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

மகள் மதியச் சோறு கொண்டுவந்தபோதுதான் ஆளைக் காணோம் என்று தேடினார்கள். தாய்க்காரிதான் பீரோக் கதவைத் திறந்தாள். ஸ்பிரிட் நெடி முகத்தில் அறைந்தது. உள்ளே அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேர்வையில் நனைந்து, கண் செருகிக் கிடந்தான். அவளைப் பார்த்து என்னமோ சொன்னான், நாக்கு குழறியது. இளித்த மாதிரியும் இருந்தது.

"குடிச்சிட்டியாடா?"

பக்கத்தில் ஒரு ரீப்பர் கட்டை கிடந்தது, இரண்டு விரல் கனம், மூன்றடி நீளம். அதை எடுத்தது அவளுக்கு நினைவில்லை. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதை அவன் கையால் தடுத்தான். மணிக்கட்டில் பட்டு, காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. அவன் "அம்மா" என்றான். அவள் குனிந்து அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் திருப்பி, தினமும் செய்வதுபோல, வாயை முகர்ந்தாள்.

வாயில் வாடை இல்லை. சட்டையில் ஸ்பிரிட், தலையில் ஸ்பிரிட், வாயில் மட்டும் காலையிலிருந்து சாப்பிடாதவனின் புளித்த மூச்சு. அவன் குடிக்கவில்லை. அது அவளுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

தெரிந்தும் மூன்றாவது அடியை ஓங்கினாள். அது முதுகில் விழுந்தது. நாலாவது அதே இடத்தில். அவள் வாய் "குடிப்பியா, குடிப்பியா" என்று கத்திக்கொண்டிருந்தது. அவளுக்குள்ளே ஸ்டூல் பறந்தது, பெல்ட் சுழன்றது, வயிற்றில் இருந்தபோது விழுந்த உதையும், அதில் தங்காமல் போன ஒரு பிள்ளையும் வந்து போயின. அவன் முகத்தில் ரத்தம் வந்தது. கட்டையிலிருந்து சிலாம்பு தெறித்து அவள் உள்ளங்கையிலும் ஏறியது. யாரும் கிட்டே வரவில்லை. மகள்தான் சோற்றுப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அப்பன்மேல் குறுக்கே விழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள். ஓங்கிய கட்டை அந்தப் பிள்ளையின் காதோரம் வந்து நின்றது.

கட்டையை யாரோ பிடுங்கினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவனுக்கு அல்ல, அவளுக்கு. "பரவால்லம்மா, குடிகாரப் பயலுக்கு இதுதான் மருந்து" என்றார் முதலாளி. "பன்னெண்டு வருஷம் வாங்கினதுக்கு இது ஒறபோடக் காணாது" என்றாள் கூடத் தேய்க்கிறவள். எல்லாரும் அவள் பக்கம். ஒருத்தர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வாழ்க்கையில் அவளுக்கு இத்தனை மரியாதை கிடைத்த நாள் வேறில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் அவள் தண்ணீரைக் குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்ட நர்ஸ் கேட்டாள், "யார் அடிச்சது?"

"பலக சரிஞ்சு விழுந்துருச்சு சிஸ்டர்" என்றான் அவன்.

நர்ஸ் அவன் முதுகைப் பார்த்தாள். "பலக எத்தன தடவ விழுந்துச்சு?"

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கதவோரம் நின்ற அவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள். படியில் விழுந்தேன், கதவில் இடித்தேன் என்று இவளே எத்தனை நர்ஸுகளிடம் சொல்லியிருக்கிறாள்!

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் கூடத்தில் சுவரோடு சாய்ந்திருந்தான். மகள் அவன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தாள். இவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிலாம்பு ஏறிய கை தெறித்தது. ஒட்டடை வருகிற சத்தம் கேட்டது. பேப்பரில் சுற்றிய பாட்டிலைத் தரையில் வைக்கிற சத்தமும் கேட்டது.

"மாப்ள, வலி உயிர் போகுமே. ஒரே ஒரு மடக்கு. அதான் ஒடஞ்சுபோச்சே, இனிமே என்ன?"

"அப்பா, வேணாம்பா" என்றாள் மகள்.

"ஒடஞ்சுதான்டா போச்சு" என்றான் பாலிஷ்காரன். பேச்சில் உயிரே இல்லை. "அந்த நெடி ஏறினப்ப கொஞ்சம் சொகமா இருந்துச்சு. பயம் போயிருச்சு. சொகமா இருந்துச்சுன்னா அது குடிதானே? ஒரு சொட்டும் ஒரு பாட்டிலும் ஒண்ணுன்னு அங்க சொல்லிக்குடுத்தாங்க. அஞ்சு மாசமும் போச்சு. இனிமே எதுக்கு நான் இந்தப் பயத்தோட கெடந்து சாகணும்? ஊத்து."

டம்ளரில் சாராயம் விழுகிற சத்தம் அவளுக்கு நன்றாகப் பழக்கம். கத்தியைப் போட்டுவிட்டு வந்து டம்ளரை எட்டி உதைத்தாள். அது சுவரில் போய் மோதியது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கணும் தங்கச்சி" என்றான் ஒட்டடை. "குடிச்சவன அடிச்சாச்சு. குடிச்சான்னு பட்டறையே பாத்தாச்சு. இப்ப தடுத்து என்ன ஆகப்போகுது?"

"விடு" என்றான் பாலிஷ்காரன், பாட்டிலை நேராகவே எடுத்து. "நான் குடிச்சவன். நீதான சாட்சி சொன்ன, எல்லாருக்கும் முன்னாடி."

சொல்லாமல் இருந்துவிடலாம். பாட்டிலைப் பிடுங்கி உடைத்துவிடலாம், நாளைக்கு அவன் வேறு பாட்டில் வாங்குவான். சொன்னால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? திங்கட்கிழமை பட்டறையில் அந்த மரியாதை எங்கே போகும்? பன்னிரண்டு வருஷம் அடிபட்டவள் என்ற ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்தது. அதையும் கொடுத்துவிட வேண்டும். பாட்டில் அவன் வாய்ப் பக்கம் போனது.

"நீங்க குடிக்கல" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் அவனை 'நீங்க' என்று கூப்பிட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"வாசத்துல தல சுத்துனா அது குடியா? அப்ப பதினஞ்சு வருஷமா பட்டறையில ஒக்காந்திருக்கற நான் யாரு, மொடாக்குடிகாரியா? உங்க வாயில வாட இல்ல. எனக்கு அப்பவே தெரியும். ரெண்டாவது அடி அடிச்சதும் மோந்து பாத்தேன். இல்ல."

ஒட்டடைக்கு வாய் பிளந்தது. "தெரிஞ்சுமா அடிச்ச?"

"தெரிஞ்சுதான் அடிச்சேன். மூணாவது அடியிலேருந்து எல்லாம் தெரிஞ்சு அடிச்சது." அதோடு நிறுத்தவில்லை. "மாத்திர தீந்துபோகல. நான்தான் கக்கூஸ்ல கொட்டினேன். நல்லா இருக்கக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு. நான் இருந்த மாதிரி கெடக்கட்டும்னு இருந்துச்சு."

பாலிஷ்காரன் மெதுவாக எழுந்தான். கட்டுப்போடாத கை தலைக்கு மேலே போனது. அந்தக் கை எங்கே வந்து விழும் என்று அவள் உடம்புக்கு மனப்பாடம். தலையைத் தாழ்த்தவில்லை, விழட்டும் என்று நின்றாள். மகள் வீறிட்டாள். கையில் இருந்த பாட்டில் அவளைத் தாண்டி வாசலுக்கு வெளியே பறந்து, சிமெண்டில் விழுந்து சிதறியது. ஒட்டடை செருப்பைக்கூடப் போடாமல் கண்ணாடிச் சில்லைத் தாண்டிக்கொண்டு போய்விட்டான்.

கை மேலேயே நின்றது. பிறகு தானாக இறங்கியது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றான். "மெஷினப் பாத்து பயம், விசிலக் கேட்டா பயம். அது நோய்னு டாக்டரு சொன்னாங்க, சரி. உன்னப் பாத்து வர்றது நோய் இல்ல. நிஜமாவே பயமா இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தைப் பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்தவள் அவள். ஒருநாள்கூடச் சொல்லத் துணிவு வந்ததில்லை. அவன் சொல்லிவிட்டான்.

"எனக்கும் இருந்துச்சு" என்றாள். "இப்பக்கூட, கை மேல போனப்ப."

"தெரியும்."

அந்த ஒரு வார்த்தையோடு அவன் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். தன்னை மன்னித்துவிடு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேராலும் தாங்கியிருக்க முடியாது. அப்புறம் அவன்தான் சொன்னான். "திங்கக்கெழம டாக்டர்கிட்ட போறேன். நீயும் வரணும். எனக்குத் துணைக்கு இல்ல. நீயும் ஒக்காந்து சொல்லணும், ஒனக்கு உள்ள என்ன இருக்குன்னு."

அவள் தலையாட்டினாள். வாசலைக் கூட்டித் தண்ணீர் விட்டுக் கழுவினாள். நெடி போகிறவரை கழுவினாள். திரும்பிச் சமையலறைக்கு வந்தபோது அங்கே மகள் ஒரு துணிப்பையை விரித்துக்கொண்டு நின்றாள். கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டாள். பூரிக்கட்டையைப் போட்டாள், துடைப்பத்தை மடக்கிச் சொருகினாள். அப்பன் குடித்துவிட்டு வருகிற நாட்களில் அந்தப் பிள்ளை இப்படித்தான் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வரும்.

"அப்பாதான் குடிக்கலையே பாப்பா. எதுக்கு எடுக்கற?"

மகள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளியே நின்று, பலகையில் கிடந்த கத்தியைப் பார்த்தாள். எடுக்க வேண்டுமானால் அம்மாவைத் தாண்டித்தான் கை நீட்ட வேண்டும். பிள்ளை தயங்கியது.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கத்தியை எடுத்து, பிடி மகள் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினாள். மகள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மிச்ச வெங்காயத்தை அவள் கையாலேயே பிய்த்துப் போட்டுச் சமைத்தாள்.